கதவைத் தட்டிய மூன்று பேர்

2023-ஆம் ஆண்டு மே மாதம். வேலூர் மாவட்டம் அணைக்கட்டுப் பக்கத்தில் உள்ள அல்லேரி மலை. ஜவ்வாது மலைத் தொடரில் அது ஒரு பகுதி. அங்கே ஒரு மலைக் கிராமத்தில், இரவில் தூங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுப் பெண் குழந்தையைப் பாம்பு கடித்துவிட்டது.

பெற்றவர்கள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மலையில் சரியான ரோடு இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் குழந்தையின் உயிர் போய்விட்டது.

திரும்பும்போதும் அதே துன்பம். ரோடு முடிந்த இடத்தில் வண்டி நின்றுவிட்டது. பெற்ற தாய், குழந்தையின் உடலைக் கையில் ஏந்திக்கொண்டு மலை ஏறினாள். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்தவர்கள் கண் கலங்கினார்கள்.

வேலூரில் பெரிய பெரிய ஆஸ்பத்திரிகள் இருக்கின்றன. தேசத்தின் மூலை முடுக்கில் இருந்தெல்லாம் அங்கே நோயாளிகள் வருகிறார்கள். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற மலையில் இருந்து ஒரு குழந்தையால் வந்து சேர முடியவில்லை. பாம்பின் விஷம் பாதி கொன்றது. தூரம் மீதியைக் கொன்றது.

இந்தத் தூரத்தோடு ஆயுள் முழுவதும் போராடிய ஒரு பெண்மணி அதே வேலூரில் வாழ்ந்தார். அவர்தான் டாக்டர் ஐடா ஸ்கடர்.

ராணிப்பேட்டைக் குழந்தை

ஐடா அமெரிக்கக் குடும்பத்துப் பெண். ஆனால் பிறந்தது நம் ராணிப்பேட்டையில், 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ந்தேதி. பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819-லேயே இலங்கைக்கு வந்து, பிறகு சென்னைக்கும் வந்து வைத்தியம் செய்த பாதிரியார். தகப்பனாரும் டாக்டர்தான்.

ஐடா சிறுமியாக இருந்தபோது, 1876 முதல் 1878 வரை கொடிய தாது வருஷப் பஞ்சம் வந்தது. எலும்பும் தோலுமாகக் குழந்தைகள் அவர்கள் வீட்டுத் தோட்டத்தில் வந்து விழுந்தன. ரொட்டியைத் தாங்களாகவே எடுத்துத் தின்னவும் அந்தக் குழந்தைகளுக்குத் தெம்பு இல்லை. சிறுமி ஐடா ரொட்டியைப் பிட்டுப் பிட்டு அவர்கள் வாயில் ஊட்டினாள்.

இந்தக் காட்சி அவள் மனதை உருக்கி, அன்றே டாக்டராக வேண்டும் என்று முடிவு செய்தாள் என்றுதான் நினைப்பீர்கள். அதுதான் இல்லை! இந்த நாடே வேண்டாம், வெயிலும் பசியும் வேண்டாம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. அமெரிக்காவுக்குப் படிக்கப் போனாள். அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு சுகமாக இருந்துவிட நினைத்தாள்.

தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்தது. கொஞ்ச நாள் கூட இருந்து பார்த்துக்கொள்ளத் திண்டிவனத்துக்கு வந்தாள். அங்கே ஓர் இரவில் அவளுடைய வாழ்க்கையே மாறிப்போனது.

ஓர் இரவு

இரவில் யாரோ கதவைத் தட்டினார்கள். வந்தவர் ஒரு பிராமண இளைஞர். அவர் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். ஐடா வந்து காப்பாற்ற வேண்டும் என்று கெஞ்சினார். எனக்கு வைத்தியம் தெரியாது, என் தகப்பனார் பெரிய டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்று ஐடா சொன்னாள். அந்நிய ஆண் தன் மனைவியைப் பார்க்கக்கூடாது என்று சொல்லி, அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார்.

சற்று நேரத்தில் மறுபடியும் ஒருவர் வந்தார். அவர் முஸ்லிம். அவருக்கும் அதே வேண்டுகோள், அதே மறுப்பு. அதன் பிறகு மூன்றாவதாக ஒருவர் வந்தார். அவர் மற்றொரு சாதி இந்து. அவரும் அப்படியே திரும்பிப் போனார்.

ஐடாவுக்குத் தூக்கம் வரவில்லை. பொழுது விடிந்ததும் தெருவில் சாவு மேளம் கேட்டது. என்ன ஆயிற்று என்று பார்த்துவர வேலைக்காரரை அனுப்பினாள். மூன்று பெண்களும் இறந்துவிட்டார்கள் என்று அவர் வந்து சொன்னார்.

டாக்டர் பக்கத்திலேயே இருந்தார். மருந்தும் இருந்தது. இருந்தும் மூன்று உயிர் போயிற்று. மலை குறுக்கே நின்றாலும் தூரம்தான், வழக்கம் குறுக்கே நின்றாலும் தூரம்தான்.

பெற்றவள் போய்விட்டால் பிள்ளைக்குப் பால் ஏது? அந்தக் காலத்தில் தாயில்லாப் பச்சைக் குழந்தை தப்பிப் பிழைப்பது அரிது. தாயைக் காப்பாற்றினால்தான் குழந்தையைக் காப்பாற்ற முடியும். அதற்குப் பெண் டாக்டர் வேண்டும். இது ஐடாவுக்குப் புரிந்துவிட்டது. தகப்பனாரிடம் போய், டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்றாள்.

நாற்பது படுக்கைகள்

அமெரிக்காவில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-ல் பட்டம் பெற்றார். ஊர் திரும்புவதற்கு முன், வேலூரில் பெண்களுக்கு ஓர் ஆஸ்பத்திரி கட்டப் பணம் திரட்டினார். நியூயார்க்கில் ராபர்ட் ஷெல் என்ற பாங்கு முதலாளி, காலமான தம் மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் கொடுத்தார்.

1900-ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஐடா வேலூருக்கு வந்தார். சில மாதங்களிலேயே தகப்பனார் இறந்துவிட்டார். கூட இருந்து கற்றுக்கொடுக்க யாரும் இல்லை. வீட்டில் ஒரு சிறிய அறைதான் ஆஸ்பத்திரி. முதலில் ஜனங்களுக்கு நம்பிக்கை இல்லை. பிறகு கூட்டம் தாங்கவில்லை. 1902-ல் நாற்பது படுக்கைகளோடு பெண்கள் ஆஸ்பத்திரி திறக்கப்பட்டது. ஷெல் அவர்களின் மனைவி பெயரே அதற்கு வைக்கப்பட்டது.

அக்காலத்துப் பிரசவம் எப்படி நடந்தது என்பதைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இருட்டு அறை, பழந்துணி. தொப்புள் கொடியை அறுக்க அரிவாளோ மூங்கில் சிம்போ, எது கையில் அகப்பட்டதோ அது. அறுத்த இடத்தில் சாம்பலோ சாணமோ வைப்பார்கள். மண்ணிலும் சாணத்திலும் இருக்கும் கிருமி அந்தப் புண் வழியாக உடம்பில் ஏறிவிடும். சில நாளில் குழந்தையின் தாடை இறுகும். பால் குடிக்க முடியாது. உடம்பு வில்லாக வளையும். பேய் அடித்துவிட்டது என்பார்கள். அதன் பெயர் ரணஜன்னி. சுத்தமான கத்தியும் கொதிக்க வைத்த நூலும் இருந்தால் அந்தப் பேய் கிட்டே வராது. கர்ப்பிணிகளுக்குத் தடுப்பூசி போட்டுப் போட்டு, பச்சைக் குழந்தைகளின் ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் அறிவித்தது.

மரத்தடி வைத்தியம்

ஆஸ்பத்திரி கட்டிவிட்டால் போதுமா? கூலி வேலைக்குப் போகும் தாய், நோயுற்ற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருபது மைல் நடந்து வர முடியுமா? வர முடியாதவர்களிடம் நாம் போவோம் என்று ஐடா கிளம்பினார். முதலில் மாட்டு வண்டி. 1909-ல் ஒரு சின்ன பிரெஞ்சு மோட்டார் வந்தது. மாடு இல்லாமல் ஓடும் வண்டியைப் பார்த்து, பிசாசு வருகிறது என்று ஜனங்கள் வயலுக்குள் ஓடி ஒளிந்தார்கள்!

வாரம் ஒரு நாள் குடியாத்தம் ரோட்டில் மோட்டார் போகும். குறிப்பிட்ட மரங்களின் அடியில் நிற்கும். அங்கே இடுப்பில் குழந்தையோடு தாய்மார்கள் காத்திருப்பார்கள். சொறி, சிரங்கு, கண்நோய், காய்ச்சல் எல்லாவற்றுக்கும் மரத்தடியிலேயே மருந்து. பெரிய வியாதி என்றால் மோட்டாரில் ஏற்றி வேலூருக்குக் கொண்டுபோவார்கள். டாக்டர் அம்மாள் எந்த நாளில் வருவார் என்பது ரோட்டோரத்து ஊர்களுக்கெல்லாம் மனப்பாடம்.

ஒருத்தி எத்தனை மரத்தடிக்குப் போக முடியும்? அதே 1909-ல் நர்சுகளுக்குப் பயிற்சி தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். அதற்குப் பெண்கள் வருவார்களா என்று பெரிய அதிகாரிகளே சந்தேகப்பட்டார்கள். முதல் வகுப்பில் இருந்து 14 பேர் 1922-ல் பரீட்சை எழுதினார்கள். 14 பேரும் தேறினார்கள். அந்தப் பள்ளி 1942-ல் எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்தது. 1947-ல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. அதுவே இன்றைய சி.எம்.சி.

ஐடா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வேலையில் இருந்து ஓய்வு பெற்றுக் கொடைக்கானலில் இருந்தார். 1960-ஆம் ஆண்டு மே மாதம் அங்கே காலமானார். வயது 89.

மலைக்கு மேலே

ஜவ்வாது மலையில் வாழும் பழங்குடிகளுக்கு மலையாளி என்று பெயர். கேரளத்துக்காரர்கள் அல்ல, வீட்டில் பேசுவது தமிழ்தான். சாமை விளைவிப்பதும், புளியும் தேனும் எடுப்பதும் அவர்கள் பிழைப்பு. உடம்பு முடியாதவர்களை டோலி கட்டி, தோளில் சுமந்து அடிவாரத்துக்கு இறக்குவது அவர்களுக்குப் பழகிப்போன வேலை. ஐடா தொடங்கிய கல்லூரியின் சமுதாய மருத்துவப் பிரிவு இன்று இந்த மலைக் கிராமங்களிலும் வேலை செய்கிறது.

மலையில் மட்டும் அல்ல, எந்த ஊரானாலும் குழந்தையைத் தரையில் படுக்க வைக்காதீர்கள். கட்டிலில் படுக்க வைத்து, கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிவிடுங்கள். பாம்பு கடித்துவிட்டால் கடிவாயைக் கீறக் கூடாது. இறுக்கிக் கட்டக் கூடாது. மந்திரிக்கிறேன் என்று நேரத்தைப் போக்கக் கூடாது. குழந்தையை ஆட்டாமல் அசைக்காமல், விஷமுறிவு ஊசி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டுபோங்கள். போகும்போதே 108-க்குப் போன் செய்யுங்கள். வண்டி எதுவரை வர முடியும் என்று கேட்டுக்கொண்டு, அந்த இடத்துக்கு இறங்கி வாருங்கள்.