30 ஏக்கருக்கு ஈடாக ஆண்டுக்கு 400 மரங்கள்: யார் இந்த கேட் செஷன்ஸ்?

அமெரிக்காவின் சான் டியாகோ நகரிலுள்ள பால்போவா பூங்காவில் இன்று திரும்பிய பக்கமெல்லாம் மரநிழல். ஆனா, 1868-ல் பூங்காவுக்கென்று 1,400 ஏக்கரை ஒதுக்கியபோது அங்கே இருந்தது புதரும் காய்ந்த மேடும்தான். 20 வருஷம் தாண்டியும் பெரிதாக எதுவும் மாறவில்லை.

அந்த ஊருக்கு டீச்சராக வந்தவர் கேட் செஷன்ஸ். 1857-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். 1881-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் அறிவியல் பட்டம் பெற்றார். சில வருஷத்திலேயே பள்ளி வேலையை விட்டுவிட்டு நர்சரி தொடங்கினார். அந்தக் காலத்தில் ஒரு பெண் இப்படி இறங்கியது சாதாரண விஷயமில்லை.

டீல் என்ன?

1892-ல் பூங்காவின் ஒரு மூலையில் சுமார் 30 ஏக்கரை நர்சரிக்குக் கேட்டார். நகர நிர்வாகம் கொடுத்தது. ஈடாக, பூங்காவில் வருஷத்துக்கு 100 மரம் நட வேண்டும். நகரின் மற்ற இடங்களுக்கு 300 மரம் தர வேண்டும்.

நடுவது ஈஸி. பிழைக்க வைப்பதுதான் பாடு. சான் டியாகோவில் ஆண்டு மழையே சுமார் 25 செ.மீ.தான். அதுவும் பெரும்பாலும் குளிர்காலத்தில். கோடையில் சொட்டுகூட விழாத மாதங்கள் உண்டு. இதற்குப் பழகியவை கலிபோர்னியாவின் சொந்தச் செடிகள். மழையில் வளர்ந்து, கோடையில் அடங்கிக் கிடக்கும். நீலப் பூ பூக்கும் சியனோத்தஸுக்குக் கோடையில் தண்ணி ஊற்றிக்கொண்டே இருந்தால் வேர் அழுகிச் செத்துப்போகும்! இந்த மாதிரிச் செடிகளை கேட் வளர்த்தார், விற்றார், மக்களின் தோட்டங்களுக்குக் கொண்டுபோனார்.

அதற்காக, சொந்த மண்ணின் செடி மட்டும்தான் என்று அவர் அடம்பிடிக்கவில்லை. மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா வரை போய்ப் பனை வகை தேடினார். தென் அமெரிக்க ஜகரண்டாவை சான் டியாகோவில் பிரபலமாக்கியதும் அவர்தான். எந்த நாட்டுச் செடி என்பதைவிட, இந்த ஊர் வறட்சியைத் தாங்குமா என்பதே அவர் பார்த்த கணக்கு என்று தோன்றுகிறது.

1903-ல் நர்சரி மிஷன் ஹில்ஸுக்கு இடம் மாறியது. மரங்கள் பூங்காவிலேயே நின்றன. 1915-ல் அங்கே பெரிய கண்காட்சி நடந்தபோது, உலகம் முழுக்க இருந்து வந்தவர்கள் அந்த நிழலில்தான் நடந்தார்கள்.

தாவர அறிமுகத்துக்கான மேயர் பதக்கம் 1939-ல் அவருக்குக் கிடைத்தது. அதைப் பெற்ற முதல் பெண் அவர். அடுத்த வருஷம், 82 வயதில் காலமானார்.