திரிங்காப் குளிரிலும் லேண்ட் ரோவரை எழுப்பும் பேட்டரி: யார் இந்த காஸ்தோன் பிளாந்தே?

கேமரன் மலை, திரிங்காப். விடியற்காலைக் குளிரில், காய்கறி ஏற்றும் பழைய லேண்ட் ரோவரின் சாவியைத் திருப்பியதும் என்ஜின் உறுமுகிறது. அந்த ஓரிரு விநாடிகளில் பேட்டரியிலிருந்து 200 ஆம்பியர் அளவுக்கு மின்சாரம் பாயும். அதற்கு வழி செய்தவர் ஒரு பிரெஞ்சுக்காரர்.

யார் இவர்?

காஸ்தோன் பிளாந்தே 1834 ஏப்ரல் 22 அன்று பிரான்ஸின் ஓர்த்தே நகரில் பிறந்தார். 1854-இல் பாரிஸில் இயற்பியல் விரிவுரை உதவியாளரானார். அடுத்த ஆண்டே, பறக்காத ராட்சதப் பறவை ஒன்றின் புதைபடிவத்தைக் கண்டெடுத்தார். அவர் பெயரிலேயே அதற்கு 'காஸ்டோர்னிஸ்' என்று பெயர் வைத்தார்கள். ஆனா, அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது மின்சாரம்தான்.

என்ன கண்டுபிடித்தார்?

அதுவரை பேட்டரி தீர்ந்தால் உள்ளே இருக்கும் ரசாயனத்தை மாற்ற வேண்டும். 1859-இல் பிளாந்தே இரண்டு ஈயத் தகடுகளை, நடுவே ரப்பர் பட்டை வைத்து, பாய் மாதிரி சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் இறக்கினார். மின்சாரம் செலுத்தினால் அது சேமித்தது. கேட்டபோது திருப்பிக் கொடுத்தது. நடைமுறைக்கு உதவிய முதல் ரீசார்ஜ் பேட்டரி அதுதான்.

சுருட்டியதில் என்ன விசேஷம்?

எல்லா பேட்டரிக்குள்ளும் உள்மின்தடை உண்டு. தகட்டின் பரப்பு கூடி, இடைவெளி குறைந்தால், இந்தத் தடையும் குறையும். நல்ல கார் பேட்டரியில் அது சுமார் 0.005 ஓம்தான். ரிமோட்டில் போடும் ஏஏ பேட்டரி எட்டைச் சேர்த்தாலும் அதே 12 வோல்ட் கிடைக்கும். ஆனா தடை சுமார் 1 ஓம். பத்துப் பன்னிரண்டு ஆம்பியருக்கு மேல் வராது, என்ஜின் அசையாது.

ஆபத்தும் அங்கேதான். 12-ஐ 0.005-ஆல் வகுத்துப் பாருங்கள்: 2,400. ஸ்பானர் தவறி இரண்டு முனைகளையும் தொட்டால் ஷார்ட் சர்க்கியூட். ஆயிரம் ஆம்பியருக்கு மேல் பாயலாம். ஸ்பானர் பழுக்கும், தீப்பொறி பறக்கும், சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன் வாயு பற்றிக்கொண்டால் பேட்டரியே வெடிக்கலாம். 12 வோல்ட்தானே, ஷாக் அடிக்காதேன்னு அசட்டையாக இருக்கக் கூடாது. மோதிரத்தைக் கழற்றி வையுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில். மாட்டும்போது அது கடைசி.

குளிரில் உள்மின்தடை கூடும். மலையில் பழைய பேட்டரி காலையில் மக்கர் பண்ணுவது அதனால்தான்.

பிறகு?

பிளாந்தேயின் தகடுகளைப் பல முறை சார்ஜ் ஏற்றி, இறக்கிப் பழக்க வேண்டியிருந்தது. 1881-இல் கமீல் ஃபோர் ஈயப் பசை பூசிய தகட்டைக் கொண்டுவந்த பிறகே தொழிற்சாலை உற்பத்தி சூடுபிடித்தது. பிளாந்தே 1889 மே 21 அன்று, 55 வயதில் காலமானார். லித்தியம் காலத்திலும், பெரும்பாலான கார்களை ஸ்டார்ட் செய்வது அவருடைய ஈயமும் அமிலமும்தான்.