கோயாவின் கழுதைகள்

ஸ்பெயின் தேசத்தின் தலைநகராகிய மாட்ரிட்டில், 1799-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 6-ந் தேதி வெளியான தினசரி ஒன்றில் ஒரு விளம்பரம் காணப்பட்டது. செப்புத் தகட்டில் எழுதி அச்சிட்ட 80 சித்திரங்கள் அடங்கிய தொகுதி விற்பனைக்கு வந்திருப்பதாகவும், விலை 320 ரெயால் என்றும், வாசனைத் திரவியங்களும் மதுவகைகளும் விற்கும் ஒரு கடையில் அதைப் பெற்றுக் கொள்ளலாமென்றும் அதில் கண்டிருந்தது. 320 ரெயால் என்பது ஓர் அவுன்ஸ் தங்கத்துக்குச் சமானம். அக்கடை இருந்த தெருவின் பெயருக்கு மயக்கம் தெளிதல் என்று பொருள். தெருவின் பெயர் முன்பே இருந்தது. சித்திரக்காரர் அதைத் தேடிப் போகவில்லை. ஆயினும் இவ்வளவு பொருத்தமான முகவரி வேறு கிடைத்திராது.

அவ்விளம்பரத்தின் வாசகம் கவனிக்கத் தக்கது. மனிதரின் பிழைகளையும் தீய வழக்கங்களையும் கண்டிப்பது பிரசங்கிகளுக்கும் கவிகளுக்கும் மட்டும் உரிய தொழிலன்று, சித்திரக்காரனும் அதைச் செய்யலாம் என்று முதலில் வாதிக்கப்பட்டிருந்தது. பிறகு, எந்தத் தனி மனிதரையும் மனத்திற்கொண்டு எந்தச் சித்திரமும் எழுதப்படவில்லை யென்று உறுதி கூறப்பட்டிருந்தது. நியாயஸ்தலத்தில் பழகியவர்களுக்கு இதன் தாத்பரியம் உடனே விளங்கும். வழக்கு வருமுன்பே தாக்கல் செய்யப்பட்ட எதிர்வாதம் இது. பத்திரிகை நடத்துவோரும் இந்த உபாயத்தை அறியாதவர்களல்லர்.

சித்திரக்காரரின் பெயர் பிரான்ஸிஸ்கோ கோயா. 1746-ஆம் வருஷம் மார்ச்சு 30-ந் தேதி அரகோன் மாகாணத்தில் புவென்டெடோடோஸ் என்ற சிறு கிராமத்தில் பிறந்தவர். தகப்பனார் பொன்முலாம் பூசும் தொழில் செய்தவர். பதினான்காம் வயதில் ஸரகோஸா நகரில் லுஸான் என்ற ஓவியரிடம் மாணாக்கராய்ச் சேர்ந்தார். மாட்ரிட்டிலுள்ள ராஜாங்கக் கலா பரிஷத்தின் போட்டிகளில் 1763-லும் 1766-லும் கலந்துகொண்டு இரண்டு முறையும் தோல்வியுற்றார். பின்னர் இத்தாலி சென்று திரும்பி, 1773-ல் அரண்மனை ஓவியர் பயேயு என்பவரின் சகோதரி ஹோஸெபாவை மணந்தார். மைத்துனரின் செல்வாக்கால் அரசர் மாளிகைச் சுவர்களுக்குத் திரைச்சீலை நெய்யும் தொழிற்சாலைக்கு மாதிரிச் சித்திரங்கள் எழுதும் வேலை கிடைத்தது. அது முதல் ஏறுமுகம்தான். 1780-ல், முன்பு அவரைத் தள்ளிய அதே பரிஷத் அங்கத்தினராக ஏற்றுக்கொண்டது. 1789-ல் நான்காம் கார்லோஸ் மன்னரின் ஆஸ்தான ஓவியரானார். பிரபுக்களும் சீமாட்டிகளும் தங்கள் உருவத்தை அவர் கையால் எழுதிக்கொள்ள விரும்பினர்.

1792-ஆம் வருஷ முடிவில் தென் பிரதேசமான அண்டலூஸியாவுக்குச் சென்றிருந்தபோது அவரைக் கடும் நோய் பீடித்தது. காடிஸ் நகரில் ஒரு வணிக நண்பரின் வீட்டில் பல மாதங்கள் படுத்திருந்தார். நோய் இன்னதென்று வைத்தியர்கள் இன்றுவரை வாதித்து வருகிறார்கள். உயிர் பிழைத்தது, செவி போய்விட்டது. நாற்பத்தாறு வயது முதல் எண்பத்திரண்டு வயதில் இறக்கும்வரை கோயா முழுச் செவிடராகவே வாழ்ந்தார். அரண்மனை முகஸ்துதியும் பிரசங்க மேடையின் இடிமுழக்கமும் வழக்காடுவோரின் வாய்ச்சாலமும் அவர் காதில் விழவில்லை. அசையும் வாய்களும் ஆடும் கைகளும் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தன. பேச்சு நீங்கிய மனித முகம் எத்தகையதென்று அறிய விரும்புவோர் அந்த 80 சித்திரங்களைப் பார்க்கலாம்.

அவற்றை எழுதிய முறையையும் நேயர்கள் அறிவது நலம். செப்புத் தகட்டின்மேல் மெழுகு பூசி, ஊசியால் கீறி, திராவகத்தில் அமிழ்த்தினால் கீறிய இடத்தைத் திராவகம் அரிக்கும்; அந்தப் பள்ளத்தில் மை நிற்கும். இது பழைய முறை. இதனால் கோடுகளே கிடைக்கும். குங்கிலியத்தை நுண்பொடியாகத் தகட்டின்மேல் தூவிச் சூடு காட்டி ஒட்டச் செய்து, பிறகு திராவகமிட்டால், பொடிகளுக்கு இடையிலுள்ள செம்பு மட்டும் அரிபட்டுச் சாம்பல் நிறமும் கருமையும் பரப்பாக அச்சில் விழும். பிரெஞ்சு தேசத்தில் அப்போது புதிதாகப் பழக்கத்துக்கு வந்திருந்த இம்முறையைக் கோயா கற்றுத் தமதாக்கிக் கொண்டார். அவருடைய சித்திரங்களில் பின்புறம் வீடுமில்லை, மரமுமில்லை, பெரும்பாலும் இருட்டுத்தான். அந்த இருட்டு குங்கிலியப் பொடி தந்தது.

இனி, சித்திரங்களில் உள்ளது என்ன? 37 முதல் 42 வரையுள்ள ஆறும் கழுதைகளின் கதை. கழுதை உபாத்தியாயர் ஒருவர் கழுதைக் குட்டிக்கு முதல் எழுத்தைக் கற்பிக்கிறார். மறு தகட்டில் ஒரு குரங்கு வாத்தியம் வாசிக்க, கழுதை ரஸித்துக் கேட்கிறது. பின்னால் இருவர் கைதட்டுகின்றனர். குரங்கு வாசிப்பதோ வாத்தியத்தின் பின்பக்கத்தை! இன்னொன்றில் கழுதைப் பிரபு ஒருவர் தம் வம்சாவளிப் புஸ்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். பக்கம் முழுவதும் வரிசை வரிசையாகக் கழுதைகள். அக்காலத்தில் ஸ்பெயினை ஆட்டி வைத்த மந்திரி கொதோய் தமது குலம் பண்டை அரசர் குலமென்று பெருமை பேசியவர். இச்சித்திரம் யாரைக் குறிக்குமென்று மாட்ரிட்வாசிகளுக்கு எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அடுத்ததில், சாகக் கிடக்கும் நோயாளியின் அருகே மோதிரமணிந்த கழுதை வைத்தியர் நாடி பார்க்கிறார். இம்மனிதன் எந்த நோயால் சாவான் என்று சித்திரக்காரர் கீழே ஒரு கேள்வியை எழுதி வைத்துவிட்டு நகர்ந்து விடுகிறார். பிறகு, ஒரு குரங்கு கழுதைக்குப் படமெழுதுகிறது. தாமே அரண்மனைக்குப் படமெழுதிப் பிழைத்த கோயா, தம் தொழிலையும் விட்டுவைக்கவில்லை என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். ஆறாவது சித்திரத்தில் இரண்டு ஏழைக் குடியானவர்கள் முதுகு வளைந்து, கண்களை மூடி, ஆளுக்கொரு கழுதையைச் சுமந்து செல்கிறார்கள். கழுதையின் காலில் குதிரை முள் இருக்கிறது. வரி செலுத்தும் ஜனங்களின் நிலைமையை இதைவிடச் சுருக்கமாக எந்தப் பொருளாதார நூலும் கூறியதாக நாம் அறியோம்.

நம் தேசத்துப் பஞ்சதந்திரக் கதைகள் அரபு மொழி வழியாகச் சென்று 1251-லேயே ஸ்பானிய பாஷையில் வெளிவந்தவை. ஆகவே பேசும் மிருகம் அந்த ஜனங்களுக்குப் புதிதன்று. ஆனால் பஞ்சதந்திரத்தில் மிருகங்கள் மனிதரைப்போல நடந்து நீதி கூறுகின்றன. கோயாவிடம் மனிதர் மிருகமாகிக் கொண்டிருக்கின்றனர், பாதிதான் ஆகியிருக்கின்றனர், அந்தப் பாதியில்தான் பயங்கரம் இருக்கிறது. ஒரு சித்திரத்தில் மனிதத் தலையுள்ள பறவைகள் ஒரு பெண்தலைப் பறவையைச் சுற்றி வட்டமிடுகின்றன. கீழே அகப்பட்ட ஒன்றைப் பெண்கள் இறகு பிடுங்குகின்றனர். அடுத்ததில் இறகிழந்த அப்பறவைகளைத் துடைப்பத்தால் அடித்துத் துரத்துகின்றனர். இதோடு நின்றிருந்தால் விலைமாதரைப் பற்றிய சாதாரணப் பரிகாசமாகப் போயிருக்கும். ஆனால் மூன்றாவதாக, 21-ஆம் தகட்டில், அதே பெண் பறவையைப் பூனை முகமுள்ள நியாய உத்தியோகஸ்தர்கள் பிடித்துச் சிறகைக் கடித்துப் பிய்க்கின்றனர். ஏமாந்தவனை அவள் உரித்தாள். அவளைச் சட்டம் உரிக்கிறது. வக்கீல் தொழிலிலுள்ள நண்பர்களுக்கு இதைக் காட்டினோம். எல்லோரும் சிரித்தார்கள், ஆனால் ஒருவரும் அதிக நேரம் பார்க்கவில்லை.

50-ஆம் தகட்டில், குலப்பெருமைச் சின்னங்களையே சட்டையாக அணிந்த இருவர் காதுகளுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, வாயை மட்டும் திறந்திருக்கின்றனர். கண்ணைக் கட்டிய கழுதைக் காதன் ஒருவன் கரண்டியால் ஊட்டுகிறான். 52-ல் ஒரு பட்டமரத்துக்குத் துறவியின் அங்கி போர்த்தியிருக்கிறது; ஜனங்கள் மண்டியிடுகின்றனர். அதையடுத்து ஒரு கிளி பிரசங்கம் செய்கிறது. கற்றறிந்தவர்கள் மெய்ம்மறந்து கேட்கின்றனர். யாவற்றிலும் புகழ் பெற்றது 43-ஆவது: மேஜைமேல் தலை கவிழ்ந்து உறங்கும் ஒருவரைச் சுற்றி ஆந்தைகளும் வெளவால்களும் எழுகின்றன; பகுத்தறிவு உறங்கினால் ராக்ஷஸங்கள் பிறக்கும் என்பது அதன் கருத்து. அந்த ஒன்றையே உலகம் திரும்பத் திரும்பக் காட்டி வருகிறது. நமக்கென்னவோ, முதுகில் கழுதையைச் சுமக்கும் அந்த இருவரே மனத்தை விட்டு அகலுவதில்லை.

இவ்விதச் சித்திரங்களை வெளியிட்ட தேசத்தில் அப்போது இன்க்விஸிஷன் என்னும் மத விசாரணை மன்றம் உயிரோடிருந்தது. அம்மன்றத்தின் முன் அவமானத் தொப்பி அணிந்து தலைகவிழ்ந்த குற்றவாளியையும் கோயா 23-ஆம் தகட்டில் எழுதியிருந்தார். அவருடைய நண்பரும் சீர்திருத்தக்காரருமான ஹோவெல்யானோஸ், நீதி மந்திரியாயிருந்து 1798-ல் விலக்கப்பட்டவர். 1801-ல் சிறைப்பட்டு ஏழு வருஷம் மயோர்க்கா தீவில் கிடந்தார். இந்நிலையில் கோயாவின் தொகுதி சில நாட்களில் கடையிலிருந்து மறைந்தது. 1803-ல் அவர் 80 தகடுகளையும், விற்காமல் எஞ்சிய 240 பிரதிகளையும் அரசருக்கே காணிக்கையாகக் கொடுத்துவிட்டார். பதிலாக அவர் புதல்வர் ஹவியேருக்கு வருஷம் 12,000 ரெயால் உபகாரச் சம்பளம் ஏற்பட்டது.

ஏன் கொடுத்தார்? இங்கே சாக்ஷியத்தைச் சற்றுப் பரிசீலிக்க வேண்டும். 1803-ல் நிதி மந்திரிக்கு எழுதிய கடிதத்தில், புஸ்தகம் இரண்டே நாள் விற்பனையில் இருந்ததாகவும், 27 பிரதிகள் போனதாகவும், தம் மரணத்துக்குப் பின் தகடுகள் அந்நியர் கையில் சிக்கிவிடுமோ என்ற அச்சத்தால் மன்னருக்கு அர்ப்பணம் செய்வதாகவும் கூறுகிறார். தகடுகளிலிருந்து இன்னும் ஐயாயிரம் ஆறாயிரம் பிரதிகள் எடுக்கலாமென்றும் சேர்த்துக் கொள்கிறார். ஆனால் பிப்ரவரி 19-ந் தேதி அரசாங்க கெஜட்டிலும் விளம்பரம் வந்திருக்கிறது. எனவே இரண்டு நாள் என்பது உண்மைக்குப் பொருந்தவில்லை. ஐயாயிரம் ஆறாயிரம் என்பதும் குங்கிலியப் பொடியால் அமைந்த மென்மையான பரப்பு தாங்கக்கூடிய கணக்கன்று. இதற்கு இருபத்திரண்டு வருஷங்களுக்குப் பின், 1825-ல், அந்நிய மண்ணாகிய பிரான்ஸில் பயமின்றி இருந்தபோது நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தகடுகளை அரசருக்குக் கொடுத்ததாகவும், அப்படியிருந்தும் தம்மீது மத மன்றத்தில் குற்றம் சாட்டினார்கள் என்றும் சொல்கிறார். ஒரே மனிதர், ஒரே செய்கை, இரண்டு காரணங்கள். எதை நம்புவது? அதிகாரிக்கு மனுச் செய்துகொள்பவன் எழுதும் காரணத்தைவிட, இழப்பதற்கு ஒன்றுமில்லாத கிழவன் எழுதும் காரணத்துக்கே நாம் அதிக மதிப்புக் கொடுப்போம். கொடுத்தது காணிக்கையன்று, காப்பு என்பது நம் துணிபு. அரசருடைய சொத்தாகிவிட்ட செப்புத் தகட்டை எந்தப் பாதிரியார் உருக்கத் துணிவார்?

இதனால் சிலர் கோயாவைக் கோழை என்கிறார்கள். அரசரின் சோற்றைத் தின்றுகொண்டே அரசவையைக் கேலி செய்தார், ஆபத்து வந்ததும் அதே அரசரின் காலடியில் ஒளிந்தார் என்பது அவர்கள் வாதம். விற்பனைக்கு நிறுத்தம் ஏற்பட்ட அதே 1799-ல் அக்டோபர் மாதம் அவர் முதல் ஆஸ்தான ஓவியராக உயர்ந்தார் என்பதையும் அவர்கள் எடுத்துக் காட்டலாம். பின்னர் நெப்போலியனின் சகோதரர் ஜோஸப் ஸ்பெயினின் சிங்காதனத்தில் அமர்ந்தபோது கோயா அவருக்கும் விசுவாசப் பிரமாணம் செய்து விருதும் பெற்றார். இவற்றை மறைப்பது நியாயமாகாது. ஆயினும் சிறை சென்ற ஹோவெல்யானோஸையும் சிறை செல்லாத கோயாவையும் ஒரே தராசில் நிறுத்துவது பொருந்தாது. மந்திரி சிறையிலிருந்தாலும் அவர் கொள்கை நூல்களில் இருக்கும். சித்திரக்காரர் சிறை சென்று தகடுகள் உருக்கப்பட்டிருந்தால் கழுதை வைத்தியரும் பூனை நியாயாதிபதியும் அன்றே மாண்டிருப்பர்.

பிந்திய வாழ்வைச் சுருங்கக் கூறுவோம். 1808-ல் பிரெஞ்சுச் சேனை புகுந்து மூண்ட யுத்தத்தின் கொடுமைகளை மற்றொரு செப்புத் தகட்டு வரிசையில் எழுதினார். அவை அவர் இறந்து 35 வருஷங்களுக்குப் பிறகு, 1863-ல்தான் வெளிவந்தன. 1812-ல் மனைவி இறந்தார். பிறந்த குழந்தைகளில் வளர்ந்து ஆளானவர் ஹவியேர் ஒருவரே. 1814-ல் ஏழாம் பெர்னாண்டோ திரும்பி வந்து, கலைக்கப்பட்டிருந்த மத மன்றத்தை மீண்டும் நிறுவினார். மறு வருஷம் அம்மன்றம், பெண்ணின் நிர்வாண உருவமொன்றை எழுதியதற்காகக் கோயாவுக்கு அழைப்பாணை அனுப்பிற்று. 1819-ல் மாட்ரிட்டுக்கு வெளியே செவிடன் வீடு என்று வழங்கிய ஒரு வீட்டை வாங்கினார். முன் குடியிருந்தவர் செவிடர்; பெயர் புதியவருக்கும் பொருந்திற்று. அவ்வீட்டுச் சுவர்களில், எவரும் கேளாமலும் எவருக்கும் காட்டாமலும், 14 கரிய சித்திரங்கள் எழுதினார். 1824-ல் பிரான்ஸ் சென்று போர்டோ நகரில் தங்கி, கல்லச்சு முறையைப் பயின்று எருது யுத்தக் காட்சிகளை வெளியிட்டார். அப்போது வயது எழுபத்தொன்பது. 1828 ஏப்ரல் 16-ந் தேதி அங்கேயே காலமானார்.

அரசர் பெற்றுக்கொண்ட தகடுகள் மாட்ரிட்டிலுள்ள ராஜாங்கச் செப்பச்சுக் கூடத்தில் பத்திரமாயிருக்கின்றன. 1937 வரை அவற்றிலிருந்து பன்னிரண்டு பதிப்புகள் எடுத்தார்கள். பதிப்புக்குப் பதிப்பு பரப்பு தேய்ந்து, கோயா எழுதிய இருட்டு வெளுத்துக்கொண்டே வந்தது.

அவருடைய உடலை ஸ்பெயினுக்குக் கொண்டுபோக எண்ணி 1888-ல் போர்டோவில் கல்லறையைத் திறந்தபோது எலும்புகள் இருந்தன, தலையோட்டைக் காணவில்லை. இன்றுவரை அகப்படவில்லை. தலையில்லாத அவ்வெலும்புகள் 1919-ல் மாட்ரிட்டில் ஸான் அந்தோனியோ சிற்றாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டன. அவ்வாலயத்தின் விதானச் சித்திரங்கள் 1798-ல், கழுதைகளும் பூனைகளும் செப்புத் தகட்டில் உருவாகிக்கொண்டிருந்த அதே காலத்தில், கோயா தம் கையால் எழுதியவை.