பதினொன்றாவது ஆட்டக்காரர் பால் ராப்சன்

அமெரிக்கக் கல்லூரிகளின் கால்பந்து வரலாற்றை எழுதப் புகுவோர் எல்லாரும் 1869ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 6ஆம் நாளிலிருந்தே தொடங்குவர். அன்றுதான் நியூ ஜெர்சி மாநிலத்து நியூ பிரன்ஸ்விக் நகரில் ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டன் கல்லூரியும் மோதின. அந்நாட்டில் இரு கல்லூரிகளுக்கிடையே நடைபெற்ற முதற் கால்பந்தாட்டம் அதுவே. 6க்கு 4 என்ற கணக்கில் ரட்கர்ஸ் வென்றது. அதற்குப் பின் ஏறத்தாழ ஐம்பதாண்டுகள் கழித்து, அன்று தோற்ற கல்லூரியின் ஊரில் பிறந்த ஒரு கறுப்பின இளைஞர், அன்று வென்ற கல்லூரியின் பெயரை நாடெங்கும் முழங்கச் செய்தார். அவரே பால் ராப்சன். பாடகர் என்றும் நடிகர் என்றும் உலகு அவரை அறியும். அவர் குரலைக் கேட்டு உருகிய நம்மவருள் பலர், அக்குரல் மேடையேறுமுன் அவர் ஆடுகளத்தில் பெற்ற பெருமையையும், அப்பெருமை பின்னாளில் ஏட்டிலிருந்து அழிக்கப்பட்ட கதையையும் அறியார். ஆதலின் இங்கே பாட்டைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுப் பந்தைப் பற்றியே பேச விழைகிறேன்.

ராப்சன் 1898ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் பிரின்ஸ்டனில் பிறந்தார். தந்தை வில்லியம் ட்ரூ ராப்சன் வட கரோலினாவில் அடிமையாகப் பிறந்தவர். பதினைந்து வயதில் தப்பியோடி, பின்னர் லிங்கன் பல்கலைக்கழகத்தில் பயின்று சமயப் போதகரானவர். பிரின்ஸ்டனில் அவர் தம் திருச்சபைப் பணியை இழந்தபோது, சாம்பல் அள்ளும் வண்டியை ஓட்டிக் குடும்பத்தைக் காத்தார். பாலுக்கு ஆறு வயதாகும்போது, அடுப்புத் தணல் ஆடையில் பற்றியதால் அன்னை மாண்டார். ஊரின் நடுவே உயர்ந்து நின்ற பெரும் பல்கலைக்கழகமோ அக்காலத்தில் கறுப்பின மாணவருக்குக் கதவடைத்திருந்தது. அந்தக் கதவை அன்றாடம் பார்த்துக்கொண்டே வளர்ந்த பிள்ளைக்கு, தந்தை மாலைதோறும் தாமே அமர்ந்து பாடங்களைக் கேட்டுத் திருத்தினார்.

1915ஆம் ஆண்டில் மாநிலம் முழுமைக்குமான உதவித்தொகைத் தேர்வு நடந்தது. மற்ற மாணவர்கள் முதல் மூன்றாண்டுப் பாடங்களில் முன்னரே தேர்வு எழுதி முடித்திருந்தனர். தேர்வைப் பற்றிக் காலந்தாழ்ந்தே அறிந்த ராப்சன் நான்காண்டுப் பாடங்களையும் ஒரே அமர்வில் எழுதினார், வென்றார். ரட்கர்ஸின் கதவு திறந்தது. 1766இல் தோன்றிய அக்கல்லூரியில் அதுவரை சேர்ந்த கறுப்பின மாணவருள் அவர் மூன்றாமவர். அவர் பயிலத் தொடங்கியபோது அங்கிருந்த ஒரே கறுப்பின மாணவரும் அவரே.

அமெரிக்கக் கால்பந்து என்பது நாம் ஆடும் கால்பந்தன்று. அணிக்குப் பதினொருவர், பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், ஓடுபவரை உடலால் மோதி வீழ்த்துவதுமே ஆட்டம். ஒருவனை அடித்து நொறுக்க விரும்புவோர்க்கு அதைவிட வாய்ப்பான ஆட்டம் வேறில்லை. பதினேழு வயது ராப்சன் பயிற்சிக்கு வந்த முதல் நாளே, கறுப்பனோடு ஆடமாட்டோம் என்று இறுமாந்திருந்த சக மாணவர்கள் ஒன்றுசேர்ந்து அவர்மேல் பாய்ந்தனர். மூக்கு உடைந்தது; தோள்மூட்டு பிசகியது. பத்து நாள்கள் படுக்கையில் கிடந்தார். விட்டுவிடலாமா என்ற எண்ணமும் அவருக்கு எழுந்தது. அப்போது அண்ணன் ஒருவர் வந்து பேசித் தேற்றினார். ஆடவும் படிக்கவும் ஏங்கிக்கொண்டிருக்கும் எத்தனையோ கறுப்பினச் சிறுவர்களின் சார்பில் நிற்பவன் நீ என்று தந்தை முன்னமே அறிவுறுத்தியதும் நினைவில் நின்றது.

மீண்டும் களத்துக்குச் சென்றார். கீழே விழுந்தவரின் கைமேல் ஓர் ஆட்டக்காரன் வேண்டுமென்றே ஆணி பதித்த காலணியால் மிதித்தான். நகங்கள் பிய்ந்தன. அடுத்த ஆட்டத்தில் பந்தோடு வந்த அவனை ராப்சன் இரு கைகளாலும் பற்றித் தலைக்கு மேல் தூக்கிவிட்டார். தரையில் மோதியிருந்தால் என்னவாகியிருக்குமோ! அக்கணமே பயிற்றுநர் பாஸ்டர் சான்போர்டு உரக்கக் கூவி, ராப்சன் அணியில் சேர்க்கப்பட்டார் என்று அறிவித்தார். இந்நிகழ்ச்சியைப் பல நூலோர் வீரச்செயலாகவே எழுதிச் செல்கின்றனர். எனக்கோ அந்தப் பத்து நாள் படுக்கையே பெரிதாகத் தோன்றுகிறது. எழுந்து போகவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. இருந்தும் எழுந்து போனார்.

சான்போர்டு தேர்ந்த பயிற்றுநர். ராப்சனின் ஆற்றலை வளர்த்தவரும் அவரே. ஆயினும் அவரைப் புகழ்வோர் 1916ஆம் ஆண்டு அக்டோபரில் நடந்ததையும் சேர்த்தே எழுதுதல் வேண்டும். கல்லூரி தன் நூற்றைம்பதாம் ஆண்டு விழாவைக் கொண்டாடிய வேளை அது. தென்னகத்திலிருந்து வந்த வாஷிங்டன் அண்டு லீ அணி, கறுப்பினத்தவர் இருக்கும் அணியோடு ஆடோம் என்றது. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தளபதி லீயின் பெயரைத் தாங்கிய கல்லூரி அது. ரட்கர்ஸ் பணிந்தது. அடிமையின் மகன் வெளியே உட்கார்ந்து பார்க்க, ஆட்டம் 13க்கு 13 என்று சமமாக முடிந்தது.

மூன்றாண்டுகளுக்குப் பின், 1919 ஜூனில், ஜேம்ஸ் கார் என்பவர் கல்லூரித் தலைவருக்கு ஒரு கண்டனக் கடிதம் எழுதினார். 1892இல் ரட்கர்ஸில் பட்டம் பெற்ற முதற் கறுப்பின மாணவர் அவர். தம் கல்லூரி தன் மாணவனின் மானத்தை விருந்தினர் பொருட்டு விலைபேசியதை அவரால் பொறுக்க முடியவில்லை. முன்னே சென்றவர் பின்னே வருபவர்க்காக எழுதிய அந்தக் கடிதத்தை, எந்த வெற்றிக் கோப்பைக்கும் குறையாத சாதனை என்றே கருதுகிறேன்.

1917ஆம் ஆண்டுதான் ராப்சனின் பேராண்டு. வரிசையின் விளிம்பில் நின்று எதிரியை மறிப்பதும், பாய்ந்து சென்று பந்தைப் பற்றுவதும் அவர் பணி. ஆறடிக்கு மேற்பட்ட உயரமும், அவ்வுடலுக்குப் பொருந்தாத விரைவும் எதிரணியினரைத் திகைக்க வைத்தன. அவ்வாண்டு ரட்கர்ஸ் ஏழு ஆட்டங்களில் வென்றது; ஒன்றில் தோற்றது; ஒன்று சமநிலை. நவம்பர் 24ஆம் நாள் புரூக்ளினில், நாட்டின் தலைசிறந்த கல்லூரிகளில் ஆடிப் பெயர்பெற்ற வீரர்கள் பலர் இடம்பெற்ற நியூபோர்ட் கடற்படை அணியை எதிர்கொண்டது. சிறு கல்லூரியின் கதை இன்றோடு முடிந்தது என்று எண்ணியோர் பலர். 14க்கு 0 என்ற கணக்கில் ரட்கர்ஸ் வென்றது. களத்தில் முதன்மை பெற்றவர் ராப்சன். 1917, 1918 ஆகிய ஈராண்டுகளிலும் அகில அமெரிக்க அணிக்குரிய வீரராக அவர் மதிக்கப்பட்டார். 1918இல் அக்கால்பந்தின் தந்தை எனப் போற்றப்பெற்ற வால்ட்டர் காம்ப், தாம் தேர்ந்த பதினொருவருள் ராப்சனைச் சேர்த்தார்.

கூடைப்பந்து, பேஸ்பால், தடகளம் ஆகியவற்றிலும் அவர் கல்லூரிக்காக ஆடினார். 1919இல் பிரின்ஸ்டனைப் பேஸ்பாலில் வீழ்த்திய அணியிலும் அவர் இருந்தார். பிறந்த ஊரின் கதவு அன்றும் அடைத்தே இருந்தது. ஆனால் ஆடுகளத்தில் கதவில்லை. படிப்பிலோ மூன்றாம் ஆண்டிலேயே பை பீட்டா காப்பா என்னும் கல்விமான்கள் கழகத்துக்குத் தேர்வு பெற்றார். பட்டமளிப்பு விழாவில் வகுப்பின் சார்பில் உரையாற்றும் மதிப்பும் அவருக்கே கிட்டியது. அதைக் காணத் தந்தை இல்லை. 1918 மே திங்களில் மறைந்துவிட்டார். இத்தனை பெருமைக்கிடையிலும், கல்லூரி இசைக்குழுவில் பாடலாம், பாடி முடித்தபின் நடக்கும் விருந்துக்கும் நடனத்துக்கும் வரலாகாது என்பதே அவருக்கிருந்த நிலை.

பின்பு கொலம்பியாவில் சட்டம் பயின்றார். அக்காலத்தில் தொழில்முறைக் கால்பந்தும் ஆடினார். 1921இல் ஆக்ரன், 1922இல் மில்வாக்கி. 1923இல் சட்டப் பட்டம் பெற்று அலுவலகம் ஒன்றில் அமர்ந்தார். கறுப்பர் சொல்வதை எழுதிக்கொள்ள வெள்ளையரான சுருக்கெழுத்தாளர் மறுக்கவே, அத்தொழிலை உதறினார். அதன்பின் மேடையும் இசையும் அவரை ஆட்கொண்டன. 1943இல் நியூயார்க்கில் தொடங்கிய ஒதெல்லோ நாடகம் 296 முறை நடைபெற்றது. இந்திய விடுதலைக்காகவும் அவர் குரல் கொடுத்தார். 1938இல் இலண்டனில் நேருவை வரவேற்ற கூட்டத்தில் பேசினார்.

சோவியத் நாட்டோடு அவர் காட்டிய நட்பையும், இனக் கொடுமைக்கு எதிராக எழுப்பிய குரலையும் அமெரிக்க அரசு பொறுக்கவில்லை. ஸ்டாலின் காலத்துக் கொடுமைகளைப் பற்றி அவர் வாய் திறவாதிருந்தது குறையே, அதை மறைப்பதற்கில்லை. ஆனால் அதற்கும் அவர் ஆடிய கால்பந்துக்கும் என்ன தொடர்பு? 1950இல் அவரது கடவுச்சீட்டு முடக்கப்பட்டது. 1958வரை வெளிநாடு செல்ல இயலவில்லை. இசையரங்குகள் மூடின. அந்நாளைய கல்லூரிக் கால்பந்து வரலாற்றுத் தொகுப்பு ஒன்று, 1918ஆம் ஆண்டின் அகில அமெரிக்க அணியைப் பத்தே பேருடன் அச்சிட்டு வெளியிட்டது. பதினொன்றாவது பெயரை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் வேறொருவர் பெயரை எழுதும் துணிவும் அவர்களுக்கு இல்லை. பத்துப் பேரைக் கொண்டு அந்த ஆட்டத்தை ஆட முடியாது என்பதைப் பள்ளிச் சிறுவனும் அறிவான். தம்பிமாரே, தங்கையரே, அந்த வெற்றிடத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பெயர் இருந்ததற்கு அந்த வெற்றிடமே சான்றாக நின்றது.

ராப்சன் 1976 ஜனவரி 23ஆம் நாள் பிலடெல்பியாவில் காலமானார். கல்லூரிக் கால்பந்துப் புகழ் மண்டபம் 1951இலேயே தன் முதல் வீரர்களைத் தேர்ந்தெடுத்திருந்தது. அவருக்குப் பின் ஆடியவர்களும், அவரளவு ஆடாதவர்களும் அங்கே இடம்பெற்றனர். ராப்சனின் பெயர் அம்மண்டபத்தில் ஏறியது 1995இல். இறந்து பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின், காம்ப் அவரைத் தேர்ந்தெடுத்து எழுபத்தேழு ஆண்டுகளுக்குப் பின். 2019இல், அவர் பட்டம் பெற்ற நூற்றாண்டு நிறைவில், நியூ பிரன்ஸ்விக்கில் ரட்கர்ஸ் வளாகத்தின் நடுவே அவர் பெயரால் ஒரு திறந்த வெளி அமைக்கப்பட்டது. அவர் வாழ்க்கை வரலாறு அங்கே கருங்கல் பலகைகளில் பொறிக்கப்பட்டுள்ளது.