காத்திருப்போரைக் கணக்கிட்டவர்

பல்கலைக்கழகத்திற்கு வெளியே நாங்கள் ஐவர் சேர்ந்து ஒரு வாடகை வீட்டில் இருக்கிறோம். இணைய இணைப்பு ஒன்றுதான். ஒருவன் காணொளியைப் பதிவேற்றினால் மற்றவனின் இணைய வகுப்பு திக்கும். கணினித் துறை மாணவன் என்பதால் வைஃபை ரௌட்டரைச் சரிசெய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எந்தக் கருவிக்கு முன்னுரிமை என்று கேட்ட இடத்தில் முதலில் என் மடிக்கணினியைத்தான் குறித்தேன். இரண்டு நாள் சொர்க்கம். மூன்றாம் நாள் தோட்டத்திலிருந்து அழைத்த நண்பனின் அம்மாவின் குரல் துண்டு துண்டாக வந்தது. அப்போது பதிவேற்றிக்கொண்டிருந்தவன் நான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. எழுந்து வெளியே போய்ப் பேசினான்.

அந்த வெட்கத்தோடு பாடக் குறிப்புகளைப் புரட்டியபோதுதான், அதுவரை சூத்திரத்தின் பெயராக மட்டுமே இருந்த எர்லாங் எனக்கு ஒரு மனிதராகத் தெரிந்தார்.

ஆக்னர் க்ராருப் எர்லாங் 1878 ஜனவரி 1ஆம் நாள் டென்மார்க்கின் லோன்போர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அவ்வூர்ப் பள்ளி ஆசிரியர். கூடப்பிறந்தவர் ஒரு புத்தகத்தைப் படிக்கும்போது இவர் எதிரே அமர்ந்து அதையே தலைகீழாகப் படிப்பாராம். தமிழ்ப்பள்ளியில் ஒரே பாடநூலை நண்பனோடு பகிர்ந்து படித்த எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடித்திருக்கிறது. 14 வயதிலேயே சிறப்பு அனுமதி பெற்றுப் பல்கலைக்கழகத்தின் முதனிலைத் தேர்வில் தேறினார். ஆனால் உடனே படிக்கப் போகவில்லை. ஊர் திரும்பித் தந்தையின் பள்ளியிலேயே ஈராண்டு பாடம் நடத்தினார். 1901இல் கோப்பன்ஹேகனில் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றபின், சில ஆண்டுகள் மீண்டும் ஆசிரியர் பணி.

டென்மார்க் கணிதச் சங்கக் கூட்டங்களில் கோப்பன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தின் தலைமைப் பொறியியலாளர் யோஹான் யென்சனின் அறிமுகம் கிடைத்தது. 1908இல் அந்நிறுவனத்தில் சேர்ந்தார். அன்று ஒவ்வோர் அழைப்பையும் ஓர் ஊழியர் கையால் இணைக்க வேண்டும். இணைப்புகள் குறைந்தால் அழைப்பவர் காத்திருப்பார். கூடினால் பணம் வீண். எத்தனை போதும் என்பதே கேள்வி. அழைப்புகள் தற்செயலாக வந்தாலும் அந்தத் தற்செயலுக்கும் ஓர் ஒழுங்கு உண்டென்று 1909இல் காட்டினார். அழைப்பு இணைப்புக் கிடைக்காமல் போகும் வாய்ப்பையும் காத்திருக்கும் நேரத்தையும் கணக்கிடும் சூத்திரங்களை 1917இல் வெளியிட்டார். சராசரியாக 5 இணைப்புகளை நிரப்பும் அளவு அழைப்புகள் வரும் இடத்தில் 10 இணைப்புகள் வைத்தால், நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு அழைப்புகளே திரும்பும் என்று அவர் சூத்திரம் சொல்கிறது.

இவரை அறைக்குள்ளேயே இருந்த கணித மேதை என்று எண்ணிவிட வேண்டாம். கம்பி வடங்களில் கசியும் மின்னோட்டத்தை அளக்க, ஏணி சுமந்த தொழிலாளி ஒருவரோடு கோப்பன்ஹேகன் தெருக்களில் நடந்து நிலத்தடிக் குழிகளில் இறங்கியவர் அவர்.

அவர் தொடங்கிவைத்த வரிசைக் கணக்குத்தான் எங்கள் வீட்டுக்கும் விடை சொன்னது. எளிய வரிசை ஒன்றில் வழி பாதி நிரம்பியிருந்தால், ஒரு தரவுப் பொட்டலம் சராசரியாக ஒரு பொட்டலத்தை அனுப்பும் நேரம்தான் காத்திருக்கும். 80 விழுக்காடு நிரம்பினால் நான்கு மடங்கு. 90 என்றால் ஒன்பது மடங்கு. ஆகவே நண்பர்கள்மேல் கோபப்பட்டுப் பயனில்லை, வழி நிரம்பியிருந்தது. எர்லாங்கின் வரிசையில் எல்லாரும் சமம். முன்னுரிமை வரிசைகளின் கணக்கு அவர் காலத்திற்குப் பின், 1954இல், ஆலன் கோபம் எழுதிய கட்டுரையில் வந்தது. முன்னுரிமை வழியை அகலமாக்குவதில்லை. ஒருவரின் காத்திருப்பை இன்னொருவர் தலையில் ஏற்றுகிறது. நான் அந்த அம்மாவின் தலையில் ஏற்றியிருந்தேன்.

எனவே ஆளை விட்டு வகையைப் பார்த்தேன். வைஃபையின் டபிள்யூ.எம்.எம். முறையில் குரல், காணொளி, பொது, பின்னணி என நான்கு வகுப்புகள் உண்டு. குரல் பொட்டலம் மற்றவற்றைவிடக் குறைவாகப் பொறுத்துக் காற்றலையைப் பிடிக்கும். அது ரௌட்டரில் ஏற்கெனவே இயங்கிக்கொண்டுதான் இருந்தது. நெரிசலோ வீட்டை விட்டு வெளியே போகும் வழியில். அங்கும் குரலை முன்னே விட்டேன்; கோப்புகளைக் கடைசிக்குத் தள்ளினேன். பதிவேற்ற வேகத்தின் வரம்பை, அளந்து பார்த்ததில் 85 விழுக்காடாகக் குறைத்தேன். வேகத்தை ஏன் வெட்டினாய் என்று வீட்டில் பெரிய சண்டை! வரிசை நம் கைக்கு எட்டாத மோடத்தில் நில்லாமல் நம் ரௌட்டரிலேயே நின்றால்தான் முறைப்படுத்த முடியும் என்று விளக்க ஒரு மாலைப் பொழுது ஆயிற்று.

எர்லாங் திருமணம் செய்துகொள்ளவில்லை. உதவி கேட்டு வந்தவர்களுக்கு அள்ளிக் கொடுத்தவர் என்கிறார்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுப் பணியில் நோய் விடுப்பே எடுக்காதவர், 1929 ஜனவரியில் வயிற்று அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேர்ந்தார். பிப்ரவரி 3ஆம் நாள் காலமானார். வயது 51. ஓர் இணைப்பு இடைவிடாமல் பயன்பட்டால் அந்தப் போக்குவரத்தின் அளவு ஓர் எர்லாங் என்று 1946இல் பன்னாட்டுத் தொலைபேசி ஆலோசனைக் குழு பெயரிட்டது.

என் மடிக்கணினி இப்போது பொது வரிசையில் நிற்கிறது. நண்பனின் அம்மா இரவு ஒன்பது மணிக்கு அழைக்கிறார். அவன் கூடத்திலேயே உட்கார்ந்து பேசுகிறான்.