மண்கும்பான் பள்ளிவாசலும் பாவா முஹையத்தீன் அவர்களும்

பண்ணைப் பாலத்தைக் கடந்து அல்லைப்பிட்டி வழியாக வேலணைப் பக்கம் போகிறவர்கள் மண்கும்பான் பள்ளிவாசலைக் கண்டிருப்பீர்கள். கொக்குவிலிலிருந்து மாணவர்களைத் தீவகத்துக்குக் கூட்டிப்போகும்போதெல்லாம் அதைக் கட்டியது யார் என்று யாராவது ஒரு பிள்ளை கேட்கும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

கட்டியவர் பாவா முஹையத்தீன் அவர்கள். 1940களின் தொடக்கத்தில் வடக்கின் காட்டுப்பகுதியில் யாத்திரிகர்கள் அவரைச் சந்தித்தார்கள். பிறகு யாழ்ப்பாணத்தில் ஆச்சிரமம் அமைந்தது. வந்தவர்களில் இந்துக்கள்தான் அதிகம்; அவர்களுக்கு அவர் சுவாமி, முஸ்லிம்களுக்கு பாவா. எழுதப் படிக்க அறியாதவர். ஆனால் புளியங்குளத்தில் தோட்டம் செய்தார், நோயாளிகளைப் பார்த்தார், வந்தவர்களுக்குச் சமைத்துப் போட்டார். இறைவனைப் பற்றிய பேச்செல்லாம் இந்த வேலைகளுக்கு நடுவில்தான் நடந்தது.

அவர் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொடுத்தவை நான்கு: ஸபூர், ஷுக்ர், தவக்குல், அல்ஹம்துலில்லாஹ். பொறுத்திரு, கிடைத்ததற்கு நன்றி சொல், உன்னால் ஆனதைச் செய்தபின் மீதியை அவனிடம் விடு, முடிவு எதுவானாலும் அவனைப் புகழ். இந்த ஒழுங்கைக் கவனியுங்கள். நாங்கள் நல்லது நடந்தால் மட்டும் கடைசிச் சொல்லைச் சொல்லிவிட்டுப் போகிறோம். முதல் மூன்றையும் கடக்காமல் நான்காவது வாயோடு நின்றுவிடும் என்பதுதான் அவருடைய பாடம் என்று எனக்குப் படுகிறது.

மண்கும்பான் வேலையையே பாருங்கள். மர்யம் அலைஹிஸ்ஸலாம் அவர்களின் நினைவாக 1950களில் தொடங்கியது. அவரும் அன்பர்களும் தங்கள் கைகளாலேயே கட்டினார்கள். இடையில் நின்றுபோனது. 1975 இல்தான் திறப்பு. அதற்குள், 1971 ஒக்டோபரில், அவர் அமெரிக்காவின் பிலடெல்பியாவுக்குப் போயிருந்தார். அங்கேயும் தமிழில்தான் பேசினார், பாடினார். பக்கத்தில் இருந்தவர்கள் மொழிபெயர்த்தார்கள். உடல் தளர்ந்தபின் கட்டிலில் இருந்தபடியே பேசினார். அங்கும் சமையல் அவர் கையில். 1984 இல் அந்நகரிலும் ஒரு பள்ளிவாசல் எழுந்தது. 1986 டிசம்பர் 8 இல் அங்கேயே வபாத்தானார். அடக்கஸ்தலம் பென்சில்வேனியாவில் இருக்கிறது. (ஸியாரம் பற்றி வாசகர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பது தெரியும். நான் பேசுவது அவருடைய வாழ்க்கையை.)

அவர் மறைந்து நான்கு ஆண்டுகளில், 1990 ஒக்டோபரில், யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். அப்போது நான் சிறுவன். அப்பாவுக்குச் சட்டை தைத்த கடை ஒரே நாளில் பூட்டிக் கிடந்தது. ஏன் என்று கேட்டேன். வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. பல வருடங்கள் கழித்து, புத்தளத்திலிருந்து திரும்பிய ஒரு பெரியவரை யாழ்ப்பாணத்தில் கண்டு, எப்படி இருக்கிறீர்கள் ஐயா என்றேன். வீடு கூரையில்லாமல் கிடந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்றார். நான் பதில் பேசவில்லை. உள்ளே வாங்கோ என்று, இருந்த ஒரே கதிரையை எனக்கு இழுத்துப் போட்டார்.