டயருக்குள் காற்றை அடைத்த கால்நடை மருத்துவர்: பேர் டன்லப்புக்கு, பணம் யாருக்கு?

புது எஸ்.யூ.வி வாங்கும்போது, டயர் பிரஷர் காட்டும் டி.பி.எம்.எஸ் இருக்கா என்று கேட்டு வாங்கும் காலம் இது. பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருப்பவர்களும் தனியாக வாங்கி மாட்டுகிறார்கள். ஆனால் எந்த வகையை வாங்குவது என்பதில்தான் குழப்பம். அதை முடிவு செய்யும் முன், டயருக்குள் காற்று எதற்கு என்று புரிந்துகொள்வது நல்லது. அந்தக் காற்றை உலகத்துக்கே பழக்கியவர் ஜான் பாய்ட் டன்லப்.

யார் இந்த டன்லப்?

1840 பிப்ரவரி 5-ல் ஸ்காட்லாந்தின் ட்ரெகார்ன் கிராமத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். எடின்பரோவில் கால்நடை மருத்துவம் படித்தார். சில ஆண்டுகள் சொந்த ஊர்ப்பக்கம் வேலை பார்த்துவிட்டு, 1867-ல் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். பிறகு பெல்ஃபாஸ்ட் நகரில் அவருடைய மருத்துவமனை நன்றாகவே நடந்தது. மொத்தத்தில் அவர் என்ஜினியரும் இல்லை, வண்டி வியாபாரியும் இல்லை.

மகனுக்காகச் செய்த சக்கரம்

அப்போது சைக்கிள் சக்கரங்களில் இருந்தது திட ரப்பர். பெல்ஃபாஸ்ட் தெருக்களோ கல் பாவியவை. அதில் மூன்று சக்கர சைக்கிள் ஓட்டிய மகன் ஜானிக்கு உடம்பெல்லாம் குலுங்கியது. 1887-ல் டன்லப் ஒரு வழி யோசித்தார். மெல்லிய ரப்பர் ஷீட்டில் டியூப் செய்து, மர வட்டில் பொருத்தி, மேலே துணி சுற்றி, கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பால் ஊதினார்.

வீட்டு முற்றத்தில் சைக்கிளின் பழைய சக்கரத்தையும் இந்தக் காற்றுச் சக்கரத்தையும் உருட்டிப் பார்த்தார். பழையது பாதியிலேயே நின்றுபோனது. காற்றுச் சக்கரம் முற்றத்தைக் கடந்து, கேட் தூணில் மோதித் திரும்பியது. குலுக்கலைக் குறைக்கத்தான் ஆரம்பித்தார். ஆனால் அதே காற்று வேகத்தையும் கூட்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

1888 டிசம்பர் 7-ல் காப்புரிமை கிடைத்தது. 1889 மே 18-ல் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் கல்லூரி மைதானத்தில் வில்லி ஹியூம் என்ற வீரர் இந்த டயரோடு போட்டியில் இறங்கி, 4 சைக்கிள் பந்தயங்களையும் ஜெயித்தார். தோற்றவர்களில் ஹார்வி டு க்ரோ என்ற டப்ளின் தொழிலதிபரின் மகன்களும் இருந்தார்கள். டு க்ரோ சும்மா இருக்கவில்லை. அதே ஆண்டு டப்ளினில் கம்பெனி தொடங்கி, டன்லப்பையும் சேர்த்துக்கொண்டார். காப்புரிமையைக் கொடுத்ததற்கு டன்லப்புக்குக் கிடைத்தது முக்கியமாக 1,500 பங்குகள்.

காப்புரிமை பறிபோனது எப்படி?

1890-ல் வந்தது பேரிடி. டன்லப்பின் காப்புரிமை செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர் 1845-லேயே, அதாவது டன்லப்புக்கு 5 வயது இருக்கும்போதே, இதே யோசனைக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். லண்டன் ரீஜன்ட்ஸ் பூங்காவில் குதிரை வண்டியில் ஓட்டியும் காட்டியிருந்தார். அப்போது சைக்கிளும் பரவவில்லை, மோட்டார் காரும் இல்லை. அதனால் அது மறந்தே போயிருந்தது. டன்லப் யாரையும் காப்பி அடிக்கவில்லை. ஆனால் சட்டத்துக்கு முந்தியவர் யார் என்பதுதானே கணக்கு!

கம்பெனி மட்டும் பிழைத்துக்கொண்டது. டன்லப்பின் முதல் டயரைச் சக்கரத்தோடு ஒட்டியிருந்ததால், பஞ்சர் ஆனால் கழற்றுவதே பெரும்பாடு. ஓரத்தில் கம்பி வைத்து, எளிதாகக் கழற்றி மாட்டும் டயரை சார்லஸ் வெல்ச் 1890-ல் கண்டுபிடித்தார். அந்த உரிமையைக் கம்பெனி வாங்கிக்கொண்டது.

டன்லப் 1895-ல் கம்பெனியை விட்டு விலகினார். அடுத்த ஆண்டே அது 30 லட்சம் பவுண்டுக்குக் கைமாறியது. வாங்கியவர் அதை 50 லட்சம் பவுண்டு மதிப்பில் மறுபடியும் பங்குச் சந்தைக்குக் கொண்டுபோனார். டன்லப்புக்கு அதில் பெரிய சொத்து எதுவும் சேரவில்லை. டப்ளினில் ஒரு துணிக்கடை வியாபாரத்தில் பங்கு வைத்திருந்தார், அவ்வளவுதான். 1921 அக்டோபர் 23-ல், 81 வயதில் டப்ளினில் காலமானார். அவருடைய பெயர் மட்டும் நம்ம ஊர் அம்பத்தூர் டயர் தொழிற்சாலை வரைக்கும் வந்து சேர்ந்தது.

ஃபோர் வீல் டிரைவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

வண்டியின் எடையைத் தாங்குவது ரப்பர் இல்லை, உள்ளே இருக்கும் காத்துதான். காற்று குறைந்தால் டயரின் பக்கச்சுவர் அதிகமாக மடங்கி மடங்கிச் சூடாகும். வேகமும் பாரமும் சேர்ந்தால் டயர் வெடிக்கலாம். எஸ்.யூ.வி உயரமான வண்டி என்பதால் கவிழும் ஆபத்தும் உண்டு.

அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் எஸ்.யூ.வி-களில் ஃபயர்ஸ்டோன் டயர்களின் மேல்பகுதி பிரிந்து நடந்த விபத்துகளில் 200-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். டயரில் குறையா, வண்டியில் குறையா என்று இரு நிறுவனங்களும் மோதிக்கொண்டன. காற்றழுத்தமும் விவாதப்பொருள் ஆனது. 2000-ல் புதுச் சட்டம் வந்தது. அதன்படி அங்கு 2008 மாடல் கார்களிலிருந்து டி.பி.எம்.எஸ் கட்டாயம்.

எந்த டி.பி.எம்.எஸ் வாங்கலாம்?

மறைமுக வகை: ஏ.பி.எஸ் சென்சார் மூலம் சக்கரம் சுற்றும் வேகத்தை வைத்துக் கணக்கிடும். பிரஷர் எவ்வளவு என்று எண்ணில் காட்டாது. நான்கு டயரிலும் ஒரே அளவு காற்று குறைந்தால் கண்டுபிடிக்கத் திணறும்.

வால்வு மூடி வகை: நீங்களே மாட்டலாம், பேட்டரியும் மாற்றலாம். ஆனால் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் கல், முள்செடி பட்டு உடையலாம். காற்றை இறக்கவும் ஏற்றவும் ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டும்.

உள்ளே பொருத்தும் வகை: காட்டுப் பாதையிலும் பத்திரம். டயரைக் கழற்றித்தான் மாட்ட முடியும். சில ஆண்டுகளில் பேட்டரி தீர்ந்தால் பெரும்பாலும் சென்சாரையே மாற்ற வேண்டும்.

மணலில் ஓட்டுபவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அமெரிக்க விதிப்படி, அழுத்தம் 25 சதவீதம் குறைந்தால் எச்சரிக்கை வர வேண்டும். 32 பி.எஸ்.ஐ வைக்க வேண்டிய வண்டியில் 24-லேயே விளக்கு எரியும். மணலுக்காக 18-க்கு இறக்கினால் அது அணையவே அணையாது. அப்படிப் பழகிவிட்டால் நிஜமான பஞ்சரையும் கவனிக்க மாட்டோம். அதனால் எச்சரிக்கை அளவை நாமே மாற்றக்கூடிய, ஒவ்வொரு டயருக்கும் பிரஷரையும் சூட்டையும் தனித்தனியாகக் காட்டும் செட்டையே தேர்ந்தெடுங்கள்.

தார் ரோட்டுக்கு வந்ததும் காற்றை மறுபடி ஏற்றிவிடுங்கள். சரியான அளவு டிரைவர் பக்கக் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருக்கும். டயர் மேலே அச்சிட்டிருப்பது தாங்கக்கூடிய உச்ச அளவு, அதைப் பார்த்து அடிக்காதீர்கள். வண்டி ஓடுவதற்கு முன், டயர் சூடாகாதபோது அளக்க வேண்டும். ஸ்டெப்னிக்கும் சேர்த்துப் பாருங்கள். ரொம்ப நாள் பார்க்காமல் விட்ட ஸ்டெப்னியில் காற்றே இல்லை என்பது நடுக்காட்டில்தான் தெரியவரும்.